கயார் கோட்டையின் அகழி

பாரீசு மாநகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில், சேன் நதி அரிவாள்போல் வளைந்து செல்லும் ஓரிடத்தில், ஆற்றுமட்டத்திற்குத் தொண்ணூறு மீட்டர் மேலே, வெண்சுண்ணக் குன்றொன்றின் நெற்றியில் ஓர் இடிந்த கோட்டை நிற்கிறது. ‘ஷாத்தோ கயார்’ என்பது அதன் பெயர். ‘கயார்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லில் திண்மையும் துடுக்கும் கலந்திருக்கின்றன. ‘துடுக்குக் கோட்டை’ என்று நாம் தமிழில் வழங்கினால் பெரிய பிழையிராது. அதைக் கட்டிய அரசரும் அத்தகையவரே. இங்கிலாந்தின் மன்னரும் நார்மண்டியின் கோமகனுமாக விளங்கிய முதலாம் ரிச்சர்டு அவர். ‘சிங்கநெஞ்சர்’ என்று சரித்திரப் பாடநூல்களில் நாம் படித்த அதே ரிச்சர்டு.

குழந்தை இயேசுவின் புனித தெரேசா வாழ்ந்த லிசியே நகரும் நார்மண்டியில்தான் உள்ளது. அங்கே திருப்பயணம் சென்று திரும்பும் வழியில் இக்கோட்டையைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. உடன் வந்தவர்களுள் சிலருக்கு இதில் ஆர்வமில்லை. செஞ்சியைக் கண்ட கண்ணுக்கு இதுவும் ஒரு கோட்டையா என்று ஒருவர் கேட்டே விட்டார். அளவை மட்டும் பார்த்தால் அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆயினும், இக்குன்றின் மீது நிகழ்ந்தவற்றைப் படித்தறிந்த ஒரு குருவானவர் இவ்விடத்தைக் கண்டு அமைதியாகத் திரும்பிவிட இயலாது.

இது எல்லைக் கோட்டை. எந்த எல்லை என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். 911ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசர் வடபுலக் கடலோடிகளின் தலைவர் ஒருவருக்குச் சேன் நதியின் கீழ்ப்புற நிலங்களை அளித்து அவரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். அவ்வாறு பிறந்ததே நார்மண்டி. காலப்போக்கில், சேன் நதியில் வந்து கலக்கும் எப்த் என்னும் சிற்றாறு நார்மண்டிக்கும் பிரெஞ்சு அரசரின் நேரடி ஆட்சிக்குட்பட்ட நிலத்திற்கும் இடையே எல்லையாயிற்று. 1066இல் நார்மண்டியின் கோமகன் இங்கிலாந்தை வென்று முடிசூடிக் கொண்டதிலிருந்து சிக்கல் முற்றியது. ஒரே மனிதர் கடலுக்கு அப்பால் அரசர். இப்பால் பிரெஞ்சு அரசருக்கு முழந்தாளிட்டுப் பணிய வேண்டிய சிற்றரசர். இந்த இரட்டை நிலையால் விளைந்த போர்கள் பல.

ரிச்சர்டு சிலுவைப் போரிலிருந்து திரும்புகையில், 1192ஆம் ஆண்டின் இறுதியில், ஆஸ்திரியாவில் சிறைபிடிக்கப்பட்டார். அவர் சிறையிலிருந்த காலத்தில் பிரெஞ்சு அரசர் இரண்டாம் பிலிப் எல்லையின் திறவுகோலாகிய ஜிசோர் கோட்டையைக் கைப்பற்றிக்கொண்டார். மீண்டு வந்த ரிச்சர்டு சில ஆண்டுகள் போரிட்டும் அதைத் திரும்பப் பெற முடியவில்லை. 1196 ஜனவரியில் செய்யப்பட்ட உடன்படிக்கையில் ஜிசோரும் அதைச் சூழ்ந்த நிலமும் பிலிப்புக்கே விடப்பட்டன. நார்மண்டியின் தலைநகராகிய ரூவானுக்குச் செல்லும் ஆற்றுவழி இதனால் திறந்து கிடந்தது. அந்த வழியை அடைக்க ரிச்சர்டு தெரிந்துகொண்ட இடமே ஆந்தெலி. அங்கே யாரும் அரண் எழுப்பலாகாது என்று அதே உடன்படிக்கை விதித்திருந்தது! மை உலர்வதற்குள் அவர் கட்டத் தொடங்கிவிட்டார்.

அந்த நிலமோ அவருடையதன்று. ஆந்தெலி ரூவான் பேராயருடைய சொத்து. ஆற்றில் செல்லும் படகுகளிடமிருந்து சுங்கம் வசூலாகும் வளமான பண்ணை அது. அன்றைய பேராயர் வால்ட்டர், ரிச்சர்டுக்கு அந்நியரல்லர். சிலுவைப் போர்ப் பயணத்தில் அரசருடன் சென்றவர். அரசரின் மீட்புத் தொகை செலுத்தி முடிக்கப்படும்வரை செர்மானிய நாட்டில் தாமே பிணையாளாய் இருந்தவர். அத்தகையவரிடம் நிலத்தைக் கேட்டு, அவர் மறுத்தபோது அரசர் அதை வலிந்து எடுத்துக்கொண்டார். பேராயர் நார்மண்டி முழுவதற்கும் வழிபாட்டுத் தடைத் தண்டனை விதித்துவிட்டு உரோமைக்குப் புறப்பட்டார்.

இத்தண்டனை என்னவென்பதை இக்காலத்துப் பொதுநிலையினர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அரசன் ஒருவன் செய்த குற்றத்திற்காக ஒரு நாடு முழுவதிலும் கோவில் கதவுகள் மூடப்படும். மணி ஒலிக்காது. மக்களுக்கான திருப்பலி இராது. பிறந்த குழந்தைக்குத் திருமுழுக்கும், சாகுந்தறுவாயில் இருப்பவருக்கு ஒப்புரவும் தவிர மற்றவை நின்றுபோகும். இறந்தவர்களை மந்திரித்த மண்ணில் அடக்கம் செய்ய இயலாது. நார்மண்டியின் தெருக்களில் பிணங்கள் அடக்கமின்றிக் கிடந்தன என்று அக்காலத்து ஆங்கில வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். 1197இல் திருத்தந்தை மூன்றாம் செலஸ்தீன் தலையிட்டு வழக்கைத் தீர்த்தார். பேராயருக்கு ஆந்தெலிக்கு ஈடாகத் தியேப் துறைமுகமும் லூவியே முதலிய ஊர்களும் ரூவான் நகரத்து ஆலைகளும் கிடைத்தன. பேரம் அவருக்கு இலாபமாகவே முடிந்தது. தடை நீங்கிற்று, மணிகள் ஒலித்தன. இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். நாம் இதற்குத் திரும்பி வருவோம்.

இதற்கிடையே குன்றின் மீது வேலை இரவும் பகலுமாய் நடந்தது. 1198ஆம் ஆண்டுக்குரிய நார்மண்டிக் கருவூலக் கணக்கு இன்றும் உள்ளது. கல்லுடைப்போர், கொத்தனார், தச்சர், கொல்லர், சுண்ணாம்பு சுடுவோர், நீர் சுமப்போர், வண்டிக்காரர் ஆகியோருக்கு வழங்கிய கூலி அதில் வரிசையாய்க் காணப்படுகிறது. இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 12,000 பவுன் செலவாயிற்று. ரிச்சர்டு தம் ஆட்சிக்காலம் முழுவதிலும் இங்கிலாந்திலுள்ள எல்லாக் கோட்டைகளுக்குமாகச் செலவிட்டது ஏறத்தாழ 7,000 பவுன் என்பதோடு ஒப்பிட்டால் இதன் பொருள் விளங்கும். ஒன்றன் பின் ஒன்றாய் மூன்று முற்றங்கள். அவற்றிற்கிடையே பாறையை வெட்டிய வறண்ட அகழிகள். உட்சுற்று மதில் அலையலையாய் வளைந்து, எறியப்படும் கல் எங்கே பட்டாலும் வழுக்கிச் செல்லுமாறு அமைந்தது. நடுவே, பகைவர் வரும் திசையை நோக்கிக் கப்பலின் முனைபோல் கூர்ந்த பெருங்கோபுரம். கீழே ஆற்றின் நடுத்தீவில் ஒரு சிறு கோட்டை. படகுகள் கடவாதபடி ஆற்றின் குறுக்கே நட்ட மரத்தூண்கள். கரையில் மதில் சூழ்ந்த ஒரு புதிய ஊர்.

அந்தப் புதிய ஊர்தான் சின்ன ஆந்தெலி. கோட்டையின் நிழலில் வாழலாம் என்ற நம்பிக்கையோடு குடியேறிய கைவினைஞரும் வணிகரும் அங்கே குடும்பங்களாய் வாழ்ந்தனர். அரசர் தாமே விரும்பி உருவாக்கிய ஊர் அது.

மதில்கள் இரும்பாலானாலும் பிடிப்பேன் என்று பிலிப் சூளுரைத்ததாகவும், வெண்ணெயாலானாலும் காப்பேன் என்று ரிச்சர்டு மறுமொழி சொன்னதாகவும் அக்காலத்து நூலொன்று கூறுகிறது. அரசர்களின் வீரப்பேச்சு எந்நாட்டிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. 1199 ஏப்ரல் 6ஆம் நாள், தெற்கே ஒரு சிறு கோட்டையை முற்றுகையிட்ட இடத்தில் விசைவில்லின் அம்பு பட்டு ஏற்பட்ட புண்ணால் ரிச்சர்டு இறந்தார். கிறிஸ்தவர்கள் மீது அக்கருவியைப் பயன்படுத்தலாகாது என்று 1139இல் இரண்டாம் லாத்தரன் சங்கம் தடைவிதித்திருந்தது. அத்தடையை எந்த அரசரும் பொருட்படுத்தவில்லை, ரிச்சர்டும் பொருட்படுத்தியவரல்லர். கோட்டையும் பகையும் அவர் தம்பி ஜானின் கைக்கு வந்தன.

1203ஆம் ஆண்டு கோடையின் இறுதியில் பிலிப் பெரும்படையுடன் ஆந்தெலிக்கு வந்தார். அவர் செய்த முதல் வேலை ஆற்றை மறித்த தூண்களைத் தகர்த்தது. வில்லியம் மார்ஷல் என்னும் புகழ்பெற்ற தளபதியின் தலைமையில் ஜான் அனுப்பிய உதவிப்படை இரவில் வந்தது. நிலத்தில் ஒரு படையும் ஆற்றில் படகுகளுமாக ஒரே நேரத்தில் தாக்குவது திட்டம். ஆற்றின் நீரோட்டத்தை எதிர்த்துப் படகுகள் குறித்த நேரத்தில் வந்து சேரவில்லை. இரண்டும் தனித்தனியே முறியடிக்கப்பட்டன. பின்னர், நீந்துவதில் வல்ல கோபேர் என்பவன் எரிபொருள் நிறைந்த பானைகளை நீருக்கடியில் இழுத்துச் சென்று தீவுக்கோட்டையின் மரவேலிக்குத் தீ வைத்தான். தீவு வீழ்ந்தது. சின்ன ஆந்தெலி மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு குன்றேறிக் கோட்டைக்குள் புகுந்தனர். 1,400 முதல் 2,200 பேர் வரை இருக்கலாம் என்று இன்றைய ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

கோட்டைத் தலைவர் ரோஜர் தெ லேசி உறுதியான வீரர். அவரிடம் வீரர்களுக்கு ஓராண்டுக்குப் போதுமான தானியம் இருந்தது; ஊர் மக்களுக்கும் சேர்த்துப் பங்கிட்டால் சில மாதங்களிலேயே தீர்ந்துவிடும். கணக்கு எளியது. போரிட முடியாத முதியோரும் நோயாளிகளுமாக ஐந்நூறு பேரை முதலில் வெளியேற்றினார். முற்றுகைப் படையினர் இரங்கி அவர்களுக்கு வழிவிட்டனர். சில நாட்களுக்குப்பின் மற்றோர் ஐந்நூறு பேரை அனுப்பினார், அவர்களும் தப்பினர். வேறிடத்தில் இருந்த பிலிப் இதைக் கேள்வியுற்றதும் இனி ஒருவரையும் விடக்கூடாதென்று ஆணையிட்டார். உள்ளே வாய்கள் மிகுதியாக இருந்தால்தானே கோட்டை விரைவில் பணியும்? அவருடைய கணக்கும் எளியதே.

மூன்றாம் முறை கதவு திறந்தபோது வெளியே தள்ளப்பட்டவர்கள் நானூறு பேருக்குக் குறையாதவர்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் மிகப்பலர். முன் சென்றவர்களைப்போல் நாமும் தப்பினோம் என்று எண்ணிச் சரிவில் இறங்கினார்கள். எதிரிலிருந்து அம்புகள் பறந்து வந்தன. திரும்பி ஓடிக் கோட்டைக் கதவைத் தட்டினார்கள். அது மூடியிருந்தது. உள்ளே இருந்தவர்கள் நேற்றுவரை ஒரே கூரையின்கீழ்ப் படுத்து உறங்கியவர்கள். இப்போது உங்களை யாரென்று அறியோம் என்றார்கள்.

முன்னே பகைவர் தோண்டிய பள்ளங்களும் மரக்கோபுரங்களும். பின்னே தம்மவரின் மதில். இவ்விரண்டிற்கும் நடுவே, பாறை அகழிகளிலும் குன்றுச் சரிவுகளிலும், குளிர்காலத்தில், மூன்று மாதங்கள் அவர்கள் கிடந்தார்கள். அங்கிருந்த புல்லையும் பூண்டையும் தின்றார்கள். கோட்டையிலிருந்து தீனியில்லாமல் விரட்டப்பட்ட நாய்களைப் பிடித்துத் தின்றார்கள். மதிலைத் தாண்டிப் பறந்து விழுந்த ஒரு கோழியை இறகோடு பிய்த்துத் தின்றதாகக் குறிப்பு உள்ளது. அங்கேயே ஒரு தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு நேர்ந்ததை எழுதக் கை கூசுகிறது. சமாரியா நகர் முற்றுகையிடப்பட்டபோது மதில்மேல் நடந்த அரசனை நோக்கி ஒரு தாய் முறையிட்ட வழக்கை அரசர்கள் இரண்டாம் நூலின் 6ஆம் அதிகாரத்தில் படித்தவர்களுக்கு நாம் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டின் கிறிஸ்து பிறப்பு விழா இந்த நாட்களுக்குள் வந்து போயிற்று. அதற்கு முன்பே, டிசம்பர் 5ஆம் நாள், அரசர் ஜான் நார்மண்டியை விட்டுக் கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றுவிட்டார்.

பிப்ரவரியில் பிலிப் முற்றுகையிடத்திற்குத் திரும்பினார். அவர் பாலத்தைக் கடக்கையில் எலும்புந்தோலுமாயிருந்த அம்மக்கள் அவரைக் கண்டு கதறினர். அரசர் இரங்கி, அவர்களை வெளியே விட்டு உணவளிக்குமாறு கட்டளையிட்டார். அதற்குள் பாதிக்கு மேற்பட்டோர் இறந்திருந்தனர். வந்தவர்களுள் ஒருவன் ஒரு நாயின் தொடையை இறுகப் பற்றியிருந்தான். அதை எறிந்துவிடும்படி சொன்னபோது, ரொட்டி கைக்கு வந்தாலன்றி விடேன் என்று மறுத்தான். காய்ந்த வயிற்றில் திடீரென உண்டதால், காப்பாற்றப்பட்டவர்களுள்ளும் பலர் மடிந்தனர்.

இவ்வளவும் நமக்கு எவ்வாறு தெரியும்? கியோம் என்ற ஒரு குரு எழுதி வைத்ததால் தெரியும். பிரித்தானி நாட்டில் பிறந்த அவர் பிலிப் அரசரின் சிற்றாலயக் குருவாக முற்றுகைப் பாசறையில் இருந்தார். இலத்தீன் மொழியில் உரைநடையிலும் செய்யுளிலுமாக இருமுறை இம்முற்றுகையை எழுதினார். அவர் நோக்கம் தம் அரசரின் புகழைப் பாடுவது. அரசரின் இரக்கத்தை அவர் மெச்சுகிறார். வழியை அடைக்கச் சொன்னதும் அதே அரசர்தாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறார். அவரைப் பற்றி நாம் நீண்ட நேரம் எண்ணியதுண்டு. நாள்தோறும் திருப்பலி நிறைவேற்றும் கைகள் அவருடையவை. அவர் கூடாரத்திலிருந்து அகழி அதிகத் தொலைவன்று. அவர் அங்கே ஒரு ரொட்டித் துண்டையாவது வீசியெறிந்தாரா என்பது அவர் நூலில் இல்லை. ஆனால் அந்த நாயின் தொடையை அவர் மறக்கவில்லை. வெற்றிப் பாடலில் இடம்பெற வேண்டிய காட்சியல்ல அது. அரசரின் சம்பளம் வாங்கும் குருவின் மனத்திலும் ஏதோ ஒன்று உறுத்தியிருக்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

நம் முன்னோரின் புறப்பாடல்களில் முற்றுகைக்கு உழிஞை என்றும் மதில் காத்தலுக்கு நொச்சி என்றும் திணை வகுத்தார்கள். ஆவூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி அடைபட்டுக் கிடந்தபோது கோவூர்கிழார் அவன் முன் நின்று, பாலின்றி அழும் குழந்தைகளையும் பூவின்றி முடித்த மகளிர் கூந்தலையும் எடுத்துச்சொல்லி, அறவோனாயின் கதவைத் திறந்து கொடு, மறவோனாயின் திறந்து போரிடு என்று இடித்துரைத்த செய்தி புறநானூற்றில் உள்ளது. அவர் முற்றுகை முடிந்தபின் பாடவில்லை. கதவு மூடியிருக்கும்போதே பாடினார். கியோமின் நூலைப் படிக்கையில் கோவூர்கிழாரை எண்ணாதிருக்கத் தமிழ் படித்தவனால் இயலாது.

இப்போது பேராயரின் தடைத் தண்டனைக்குத் திரும்புவோம். 1196இல் ஆந்தெலியின் சுங்கத்துக்காகவும் நிலத்துக்காகவும் நார்மண்டியின் எல்லாக் கோவில்களும் மூடப்பட்டன. 1200இல், டென்மார்க்கு நாட்டு இளவரசியாகிய தம் மனைவி இங்கெபோர்க்கைப் பிலிப் அரசர் தள்ளிவிட்டதற்காகப் பிரெஞ்சு நாட்டின் கோவில்கள் மூடப்பட்டன. 1203ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அதே ஆந்தெலியில், திருமுழுக்குப் பெற்ற நானூறு பேர் இரு கிறிஸ்தவ அரசர்களின் படைகளுக்கு நடுவே பட்டினியால் செத்துக்கொண்டிருந்தபோது எந்தக் கோவில் கதவும் மூடப்படவில்லை. ரூவானில் பேராயராயிருந்தவர் அதே வால்ட்டர்தாம். 1207வரை அவர் உயிரோடிருந்தார்.

திருச்சபை வாளாவிருந்தது என்று இதனால் சொல்லிவிட முடியாது. திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் 1203இலேயே தம் தூதராகக் கசமாரி மடத்து அதிபரை அனுப்பி, இரு அரசர்களும் போரை நிறுத்த வேண்டுமென்று வற்புறுத்தினார். இது சிற்றரசர் நிலவுரிமை பற்றிய வழக்கு, திருத்தந்தைக்கு இதில் வேலையில்லை என்று பிலிப்பும் அவர்தம் பிரபுக்களும் மறுத்துவிட்டனர். 1204இல் பிரெஞ்சு ஆயர்களுக்கு இன்னொசென்ட் எழுதிய மடல் திருச்சபைச் சட்டம் பயில்வோருக்கு நன்கு தெரிந்தது. நிலத்தைப் பற்றித் தீர்ப்பிட நாம் வரவில்லை, பாவத்தைப் பற்றித் தீர்ப்பிடும் கடமையை யாரும் நம்மிடமிருந்து பறிக்க முடியாது என்பது அதன் சாரம். குருமடத்தில் இம்மடலை அதிகாரங்களின் எல்லை பற்றிய பாடமாக நாம் படித்தோம். அது எழுதப்பட்ட அதே பருவத்தில் ஆந்தெலியின் அகழியில் என்ன நடந்தது என்பதை எந்தப் பேராசிரியரும் நமக்குச் சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பாடநூலில் அது இல்லை.

ரோஜர் தெ லேசியைக் கொடியவர் என்று நாம் எளிதில் தீர்த்துவிடலாம். அக்காலப் போர்முறை அவரைக் கொடியவராகக் கருதவில்லை. முற்றுகைக்குள் சிக்கிய ‘பயனற்ற வாய்களை’ வெளியேற்றுவது தளபதியின் உரிமை. வழிவிடுவதும் விடாததும் முற்றுகையிடுவோரின் உரிமை. இரண்டு உரிமைகளும் சரியாகவே பயன்படுத்தப்பட்டன! இணைச்சட்ட நூலின் 20ஆம் அதிகாரம், நகரை முற்றுகையிடும்போது கனிதரும் மரங்களை வெட்டாதே, அவை முற்றுகையிடப்பட வேண்டிய மனிதர்களா என்று கேட்கிறது. மரத்துக்குப் பரிந்து பேசிய அந்தச் சட்டத்தை அவ்விரு பாசறைகளிலும் இருந்த குருக்கள் இலத்தீனில் படித்திருப்பார்கள். முற்றுகைக்குட்பட்ட இடங்களிலிருந்து முதியோரையும் குழந்தைகளையும் பேறுகாலப் பெண்களையும் வெளியேற்ற உடன்பாடு காண முயல வேண்டும் என்ற விதி 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தில்தான் எழுதப்பட்டது. பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கொள்ளலாகாது என்ற தெளிவான தடை 1977இல் வந்தது. கியோம் எழுதியதற்கும் இதற்கும் இடையே ஏழரை நூற்றாண்டுகளுக்கு மேல்.

கோட்டை வீழ்ந்த கதையை விரைவாகவே சொல்லிவிடலாம். பிலிப்பின் ஆட்கள் வெளிமுற்றத்துக் கோபுரத்தின் அடியைத் தோண்டிச் சரித்தனர். இரண்டாம் முற்றத்துக்குள் நுழைந்தது எப்படி என்பதில் இரு கதைகள் உள்ளன. கழிப்பறைக் குழியின் வழியே ஏறினார்கள் என்பது வழிகாட்டிகள் விரும்பிச் சொல்லும் கதை. ஜான் அரசர் மதிலையொட்டிப் புதிதாகக் கட்டிய சிற்றாலயத்தின் சன்னல் வழியே, போகி என்பவனின் தலைமையில் சிலர் புகுந்தார்கள் என்பது மற்றது. 12,000 பவுன் செலவிட்ட அரணுக்குப் பலவீனம் கோவில் சன்னலில் இருந்ததென்றால் அதை நகைப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. உள்முற்றத்திற்குச் செல்லும் வழியில் பாறையை வெட்டாமல் விட்ட ஒரு பாலம் இருந்தது. அதன் அடியில் ஒதுங்கி நின்றே சுரங்கம் தோண்டுவோர் மதிலைக் குடைந்தனர். 1204 மார்ச் 6ஆம் நாள், தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமை, கோட்டை பிடிபட்டது. ஜூன் 24ஆம் நாள் ரூவானும் பணிந்தது. நார்மண்டி பிரெஞ்சு முடியாட்சிக்குள் கலந்தது. எப்த் சிற்றாறு எல்லை என்னும் நிலையை இழந்தது. எந்த எல்லைக்காகக் கோட்டை எழுந்ததோ அந்த எல்லை அதற்கு ஆறே ஆண்டுகள்தான் துணை நின்றது. ரோஜர் தெ லேசியின் வீரத்தை மதித்துப் பிலிப் அவரைக் கௌரவமாகவே வைத்திருந்தார். மீட்புத்தொகை செலுத்த ஜான் உதவினார். அவர் தாயகம் திரும்பி மேலும் பதவிகள் வகித்தார்.

பின்னும் நானூறு ஆண்டுகள் கோட்டை பயன்பட்டது. 1314இல் ஒழுக்கக்கேட்டுக் குற்றம் சாற்றப்பட்ட இரு அரசகுலப் பெண்கள் இங்கே சிறைவைக்கப்பட்டனர். அவர்களுள் மார்கரீத் மறு ஆண்டே இறந்தாள். நாடிழந்த ஸ்காட்லாந்துச் சிறுவ மன்னர் தாவீது 1334 முதல் 1341 வரை இங்கே அடைக்கலமாய் இருந்தார். 1419இல் ஆங்கிலேயர் நெடுநாள் முற்றுகையிட்டபோது, கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கயிறுகள் தேய்ந்து அறுந்துபோனதால் காவற்படை சரணடைந்ததாம். கடைசியில், 1599இல் நான்காம் ஹென்றி அரசர் இதை இடித்துவிட ஆணையிட்டார். தங்கள் மடத்தைப் பழுதுபார்க்கக் கற்களை எடுத்துக்கொள்ளக் கப்புச்சின் துறவிகளுக்கு அனுமதி கிடைத்தது. பேராயரிடமிருந்து பறித்த நிலத்தில் எழுந்த மதில், கல் கல்லாய்த் துறவிகளின் வண்டியில் ஏறித் திருச்சபைக்கே திரும்பியது.

அடிவாரத்தில் அழகிய ஊர் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் எழுந்த தூய மீட்பர் கோவில் சின்ன ஆந்தெலியின் நடுவில் நிற்கிறது. சற்று அப்பால் பெரிய ஆந்தெலியில், பிராங்கு மன்னர் குளோவிசின் மனைவியான புனித குளோத்தில்தா மடம் நிறுவிய இடத்தில் மாதா கோவிலும், அவர் பெயரால் ஒரு நீரூற்றும் உள்ளன. கட்டடத் தொழிலாளரின் தாகம் தீர்க்க அவர் வேண்ட, அந்த ஊற்றுநீர் திராட்சை இரசமானது என்பது மக்கள் மரபு. ஏழு திருவருட்சாதனங்களை இருமுறை ஓவியத் தொடராகத் தீட்டிய நிக்கொலா பூசேன் 1594இல் பிறந்ததும் இவ்வூருக்கு அண்மையில்தான்.

மேலே, உள்முற்றத்து வளைவு மதில் பெரும்பாலும் நிற்கிறது. பெருங்கோபுரம் கூரையின்றி வானைப் பார்க்கிறது. இவற்றைப் படமெடுக்கவே எல்லாரும் போகிறார்கள். அகழியை யாரும் படமெடுப்பதில்லை. அதில் படமெடுக்க ஒன்றுமில்லை. வெட்டிய சுண்ணப்பாறை, அதில் வரிவரியாய்க் கருங்கற்சில்லுகள், அடியில் புல். நாம் அதில் இறங்கி நின்றபோது மதில் எவ்வளவு உயரம் என்பது விளங்கிற்று. கீழிருந்து பார்த்தால் தெரிவது மதிலும் வானமும் மட்டுமே. உடன் வந்தவர்களை அழைத்து இறந்தோருக்கான செபத்தைச் சொன்னோம். செஞ்சியை எண்ணி ஏமாந்தவரும் இறங்கி வந்து முழந்தாளிட்டார்.

அவ்வாண்டு கல்லறைத் திருநாளுக்கு முந்திய வாரத்தில், வழக்கம்போல், இறந்தோரின் பெயர்களை நம் பங்குக் கோவிலில் பதிவுசெய்து கொண்டிருந்தார்கள். நாமும் ஒரு வரி எழுதினோம்: ‘ஆந்தெலி ஊரில் அகழியில் இறந்தவர்கள்’. நம் உபதேசியார் அதைக் கண்டு, “சாமி, இது எந்தக் குடும்பம்? ரசீது யார் பெயரில் போடட்டும்?” என்று கேட்டார். “பெயர் தெரியாது, உபதேசியாரே, ரசீது வேண்டாம். அப்படியே வாசியுங்கள்” என்றோம். நவம்பர் 2ஆம் நாள் மாலை, கல்லறைத் தோட்டத்தில், வடக்குத் தெருக் குடும்பங்களின் பெயர்களுக்கும் கீழத்தெருக் குடும்பங்களின் பெயர்களுக்கும் நடுவில், அவர் தம் வழக்கமான குரலில் அதை வாசித்துவிட்டு அடுத்த பெயருக்குச் சென்றார்.